மாவு ஃபிரேசர்கள்

மில்லுக்குள் நுழைந்ததும் டெரன்ஸ் ஃபிரேசர் தன் டப்பாவை வரிசையின் கடைசியில் வைத்தார். போத்தனூரில் மாவு மில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, டப்பாக்கள்தான் நிற்கும். ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள், டீ குடிக்கப் போவார்கள், சிலர் வீட்டுக்கே போய்ச் சோற்றை வடித்துவிட்டும் வருவார்கள். டப்பா இருந்தால் ஆள் இருக்கிற கணக்கு. சுவரோரம் தூக்குப்போசி, பழைய பெயின்ட் வாளி, துணிப்பை, அப்புறம் அவருடைய எவர்சில்வர் டப்பா. அதன் மூடியில் 'டோரின் பிரேசர்' என்று புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக்கடைக்காரன் வெட்டிய பெயர். டோரீன் கல்லறைக்குப் போன பிறகும் வரிசையில் அவள்தான் நிற்கிறாள், அவர் பின்னால் ஒதுங்கி நிற்கிறார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே. டப்பாவுக்குள் வறுத்த மல்லியும் மிளகாயும் இருந்தன, நாளை ஞாயிற்றுக்கிழமை உருண்டைக் குழம்புக்கு. ஆனால் மல்லி ஒரு சாக்குத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் மருமகள் அமலி வந்து ஒன்று கேட்டாள், சனிக்கிழமை சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார், இன்று சனிக்கிழமை. மில்லுக்குச் சொந்தக்காரன் ஞானப்பிரகாசம்தான் அமலியின் புதுப் புருஷன். அவன் தலையாட்டி, ஏதோ சொன்னான். சார் என்றானா மாமா என்றானா, மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சார் என்று கூப்பிட்டவன், இப்போது இரண்டுக்கும் நடுவில் வார்த்தையை மென்றுகொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கும் சங்கடம்தான். டெரன்ஸ் கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்தார்.

அந்தச் சத்தம் நல்லது. அந்தச் சத்தத்தில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், அவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஒரு பக்கம் உறும, பெல்ட் சரக் சரக்கென்று ஓட, துணிக்குழாய் வழியாகச் சூடான மாவு பொதபொதவென்று விழ, ஞானப்பிரகாசம் அந்தக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தான், கைக்குழந்தைக்கு முதுகு தட்டுகிற மாதிரி. புருவமெல்லாம் மாவு. முப்பத்தைந்து வயசுக்காரன் கிழவன் மாதிரி இருந்தான். நீங்க வேண்டாம்னா வேண்டாம் டாடி, என்றாள் அமலி, வியாழக்கிழமை வந்தபோது. டாடி என்றுதான் சொன்னாள், இன்னமும் டாடிதான். மகன் கீத் அப்படிக் கூப்பிட்டதால் அவளும் கூப்பிட்டாள், கீத் செத்துப்போன பிறகும் கூப்பிட்டாள், போன மாதம் சர்ச்சில் இன்னொருத்தன் கையில் மோதிரம் போட்ட பிறகும், பிரியாணித் தட்டோடு ஓரமாக நின்ற அவரிடம் வந்து, டாடி, தயிர்ப்பச்சடி வாங்கலியா என்று கேட்டாள். எத்தனை நாளைக்கு? ஒரு வார்த்தை எத்தனை நாள் பழக்கத்தில் ஓடும், மோட்டாரை நிறுத்திய பிறகும் பெல்ட் கொஞ்ச நேரம் ஓடுமே, அப்படியா? அவரு கேக்கல டாடி, நானாத்தான் கேக்கறேன். அப்பா பேரு என்னன்னு டீச்சர் கேட்டா நோரா முழிக்கறா. ஃபிரேசர்ங்கறா. ஃபிரேசர் எங்கன்னு கேட்டா அழறா. இனிஷியலை மாத்திடலாமான்னு இருக்கு. திங்கக்கெழம ஸ்கூல் எச்செம்மைப் பாக்கோணும். அவ்வளவுதான் விஷயம். பேத்தி நோராவின் பெயருக்கு முன்னால் இருக்கிற எஃப் என்ற ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டு ஜி என்று போட வேண்டும். சரி என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. அதைச் சொல்ல முடியாமல்தான் இரண்டு ராத்திரி அந்த மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இந்த ஊர் செய்த வேலை அது. எந்த ஊரிலும் ஃபிரேசர் என்றால் குடும்பப் பெயர், இங்கே ஃபிரேசர் என்றால் ஒரு ஆள். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பேங்கில், ஃபிரேசர்ங்கறது உங்கப்பாங்களா என்று ஆயுசு முழுக்கக் கேட்டுவிட்டார்கள். தமிழனுக்குப் பெயரோடு இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அப்பன் பெயராகத்தான் இருக்க வேண்டும், வேறு எதற்கு ஒட்டப்போகிறது. இல்லைங்க, நாங்க ஆங்கிலோ இந்தியங்க, என் அப்பா பேர் சிரில், ஃபிரேசர் எங்க குடும்பம், என்று இளவயதில் விளக்கினார், நடுவயதில் கோபப்பட்டார், இப்போது ஆமாங்க என்று சொல்லிவிடுகிறார். நோராவைச் சேர்க்கப் போனபோதும் அதே கூத்து. கீத் ஃபிரேசர் மகள் என்றதும் ஃபிரேசரை அப்பன் பெயராக்கி, அதை நறுக்கி, முன்னால் எஃப் என்று வைத்துவிட்டார்கள். எத்தனை நூற்றாண்டு ஓடி வந்த பெயர், போத்தனூரில் வந்து ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமாக நின்றது. அதையும் தமிழ்க் கணக்கில் அடுத்த தலைமுறை கீழே போட்டுவிடும். தமிழனுடைய இனிஷியல் ஒரு தலைமுறைச் சரக்கு. அப்பன் எழுத்து பிள்ளைக்கு, பிள்ளை எழுத்து பேரனுக்கு, தாத்தன் எழுத்து யாருக்கும் இல்லை. தாத்தன் எழுத்து யாருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை, என்று பெல்ட் சொல்லிக்கொண்டே ஓடியது. மிளகாய் நெடி தொண்டையில் ஏறி அவர் இருமினார்.

அப்பா சிரில் ஃபிரேசர் இருந்திருந்தால் கைத்தடியை எடுத்திருப்பார். சிரிலுக்கு இந்தப் பெயர் ஒரு பைத்தியம். ஸ்காட்லாந்துப் பெயர்தான், ஆனால் அங்கே முளைத்ததில்லை, நார்மன் படையெடுப்புக் காலத்துக்குப் பிறகு பிரான்சிலிருந்து கடல் தாண்டிப் போனது என்பார். பிரான்சில் எந்த மூலை என்று கேட்டால் நார்மண்டி என்பார், ஒருநாள் அதற்குப் பக்கத்து ஆஞ்சு என்பார், அடித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை, படித்தவர்களாலும் முடியவில்லையாம். ஃபிரெசெல், ஃபிரிசெல், ஃபிரேசர் என்று பழைய பத்திரங்களில் எழுதினவன் கைக்கு வந்தபடி எழுதியிருக்கிறான், அமெரிக்கா போனவன் ஃபிரேஸியர் ஆனான். இங்கே வந்து பிரேசர், பெரேசர், வாட்ச்மேன் வாயில் பிரீசர். ஃபிரேசர் கூட்டத்துக் கொடிச்சீலையில் வெள்ளைப் பூ இருக்கும், ஸ்ட்ராபெரிப் பூ, அந்தப் பழத்துக்குப் பிரெஞ்சில் உள்ள பெயருக்கும் நம் பெயருக்கும் ஒட்டு உறவு உண்டு என்று ஒரு கதை, பெயர் முந்தியா பழம் முந்தியா யாருக்குத் தெரியும். அந்தப் பூவைப் பார்த்தே தீருவேன் என்று சிரில் கொடைக்கானலிலிருந்து ஒரு செடி கொண்டுவந்து தொட்டியில் வைத்தார், வெயிலுக்குக் குடை பிடித்தார். சித்திரையில் அது கருகிப்போயிற்று. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சின்னப் பையனாக இருந்த டெரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு செடிக்காக மனுஷன் பட்டினி கிடப்பானா? இப்போது தெரிகிறது, கிடப்பான், ஒரு எழுத்துக்காக இரண்டு ராத்திரி தூங்காமலும் கிடப்பான்.

அதே சிரில்தான் இன்னொன்றும் சொல்லுவார். ஃபிரேசரில் இரண்டு ஜாதி உண்டுடா, ரத்த ஃபிரேசர், மாவு ஃபிரேசர். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு காலத்தில், கூட்டம் பெருக வேண்டும் என்று ஃபிரேசர் தலைவன், என் பெயரை எடுத்துக்கொள்கிறவனுக்கு ஒரு மூட்டை மாவு என்றானாம். வயிறு காய்ந்தவர்கள், பிசெட் என்று வேறு பெயர்க்காரர்கள், மாவை வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் ஃபிரேசர்களாக எழுந்தார்களாம். உண்மையோ, பிடிக்காதவன் கட்டிவிட்டதோ. நாம மாவு ஃபிரேசர் இல்லடா, என்று மீசையைத் தடவுவார் சிரில், கோழிக்குழம்பைப் பிசைந்துகொண்டே. அந்தக் கோழியை அடித்துக் குழம்பு வைத்த அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா டி குரூஸ் வீட்டுப் பெண். அவளுக்கு முந்தின பாட்டி யார் வீட்டுப் பெண், அதற்கும் முந்தி, அந்த முதல் ஃபிரேசர் சிப்பாயாகவோ எதுவாகவோ வந்தானே, அவனுக்குச் சோறு பொங்கிப் போட்ட பொம்பளை யார்? ஏதோ ஒரு தமிழச்சி. கறுப்பி என்று சிரில் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. வந்தவள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். டோரீனும்தான். டோரீன் எந்த வீட்டுப் பெண்? சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வராமல் போகுமா. மாமனார் பெயர் பலகை, ரயில்வே காலனி, நீலக் கதவு, கதவு வருகிறது, பெயர் வரவில்லை. நாற்பது வருஷம் கூடப் படுத்தவளுடைய பெயர். லோபோ. ஆமாம், லோபோ, டோரீன் லோபோ. அவர் மூச்சை விட்டார். டப்பா மூடியில் லோபோ இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டும் என்றே தோன்றியதில்லை, வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க தொரை, நாளைக்கு உருண்டைக் கொழம்புங்களா?" என்று ருக்குமணியக்கா காதுக்குப் பக்கத்தில் கத்தினாள். பக்கத்துச் சந்துக்காரி, வரிசையில் அவளுடைய தூக்குப்போசி அவர் டப்பாவுக்கு முன்னால். ஆமாம் என்று தலையாட்டினார். "மில்லுக்காரரு உங்களுக்கு வரிசை பாக்க மாட்டாருங்களே, நீங்க சொந்தமாயிட்டீங்கள்ல," என்று சிரித்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனாலும் அது சுருக்கென்றது. என்ன சொந்தம்? மகன் பொண்டாட்டியைக் கட்டினவனுக்கு நான் என்ன வேண்டும்? தமிழில் இல்லாத உறவா, அத்தானுக்கு அத்தான், சகலைக்குச் சகலை, அதற்கெல்லாம் வார்த்தை வைத்திருக்கிறான், இதற்கு ஒரு வார்த்தை வைக்கவில்லை. கீத் ஹாக்கி மைதானத்தில் விழுந்தான். முப்பத்துநாலு வயசு. கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், ஷூ கயிறு கட்டப்போகிறான் என்று நினைத்தார்களாம், கட்டவில்லை. நோராவுக்கு அப்போது ஒன்பது மாதம். பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்கள், பிள்ளை போனது, பேர் மட்டும் ஒரு பொட்டைக் குழந்தைத் தலையில் ஒரு எழுத்தாக மிச்சம். அந்த எழுத்தும் போனால் கீத் எங்கே இருப்பான்? அதைவிட, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான், நான் எங்கே இருப்பேன்? நாளைக்கு நோரா வளர்ந்து, இந்தக் கிழவர் யார் என்று ஒருத்தி கேட்டால், என்ன சொல்லுவாள்? மல்லி அரைக்க வருகிறவர் என்பாளா? பெயர் ஒரு கயிறு, நார்மண்டியிலிருந்து இங்கே வரைக்கும் ஒரு கயிறு, அதன் நுனியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட்டால் விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியது. பயம் அதுதான், வேறொன்றுமில்லை.

நோரா அப்போதுதான் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கிராண்ட்பா, என்று வாய் அசைந்தது, கேட்கவில்லை. அவர் மடியில் ஒரு இடி இடித்துவிட்டு, எதிரே அரிசி மூட்டை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானச் சோறு நேரம். ஞானப்பிரகாசம் கூம்புக்குள் கோதுமையைக் கொட்டிவிட்டு, வாளித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினான், இரண்டு தடவை கழுவினான், மிளகாய் தொட்ட கை அல்லவா. அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். எலுமிச்சைச் சாதம். ஒரு கண் துணிக்குழாய் மேல், ஒரு கண் டிபன் பாக்ஸ் மேல். உருண்டை பிடிக்கும் முன்னால், விரலால் கருவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வைத்தான். ஒன்று விடவில்லை. எடுத்து முடித்த பிறகுதான் உருட்டினான், அவள் வாயைத் திறந்தாள். டெரன்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். கீத் கருவேப்பிலை தின்ன மாட்டான். டோரீன் எடுத்துப் போட்டாலும், ஒரு நுனி இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். இதை இவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அமலிக்கே அது நினைவிருக்காது. அவன் பார்த்திருக்கிறான். தினம் தினம் சோறு ஊட்டி, அது எதைத் துப்புகிறது என்று பார்த்திருக்கிறான். கீத்துடைய நாக்கை அந்தக் குழந்தை வாய்க்குள் வைத்திருக்கிறது, அதை இந்த மாவு மில்காரன் கண்டுபிடித்து, அது என்னவென்றே தெரியாமல், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான். டெரன்ஸுக்குக் கண் கரித்தது. மிளகாய்தான் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பிசெட் வீட்டுக்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? பிள்ளை பசியில் அழுதிருக்கும். மாவைக் கொடுத்தவன் பெயரை வைத்துக்கொண்டார்கள். எத்தனை தலைமுறைக்கு அவர்களை மாவு என்று சிரித்தோம், ரத்தம் ரத்தம் என்று மார்தட்டினோம், அந்த ரத்தம் எதிலிருந்து ஊறியதாம், மாவிலிருந்துதானே. அந்த மலைநாட்டானும் தன் தலைவனை ஃபிரேசர் என்று கூப்பிடவில்லை, சைமன் மகன் என்றுதான் கூப்பிட்டானாம், தமிழனுடைய இனிஷியலுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம். யார் மகன், யார் மகள், யார் சோறு போடுகிறான் என்றுதான் எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். அவர் எழுந்தார். மன்னிச்சிடுப்பா என்று யாரிடமோ சொன்னார், சிரிலிடமா கீத்திடமா தெரியவில்லை. நாலு எட்டு வைத்து ஞானப்பிரகாசம் பக்கத்தில் போய் நின்றார்.

"இனிஷியலை மாத்திக்கோங்க," என்றார். அவன் காதைக் காட்டினான். "இனிஷியல்," என்று கத்தினார். அவன் புரியாமல் மெஷினைக் காட்டி, மல்லி இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று சைகை செய்தான். அவருக்கு எரிச்சல் வந்தது, அதைவிட அழுகை வந்தது. சொல்ல நினைத்து வந்ததெல்லாம் கலைந்துபோய், நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார். பாதியில் கரண்ட் போய்விட்டது. கோவையில் சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போவது புதுசில்லை. மோட்டார் முனகி அடங்க, மில்லுக்குள்ளும் வேப்பமரத்தடியிலும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அவர் குரல் மட்டும் தனியாக நின்றது.

"அவளுக்கு நீதாம்ப்பா அப்பா."

பெல்ட் இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது. ருக்குமணியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நோரா மெல்லுவதை நிறுத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞானப்பிரகாசம் கையைக் கைலியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். டெரன்ஸ் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் வரோணுங்க மாமா," என்றான் கடைசியில்.

"நான் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் போனாப் போதாதா?"

"முன்ன இருந்த பேரு யாருதுன்னு டீச்சர் கேப்பாங்க. பாப்பாவும் பெருசானா என்னத்தான் கேப்பா. நான் அவர ஒரு நாளு கூடப் பாத்ததில்லீங்க. என்னத்தச் சொல்லுவேன்? நீங்க சொல்லோணும். வாரா வாரம் வந்து சொல்லோணுங்க."

டெரன்ஸ் தலையாட்டினார். நோராவைப் பார்த்து, "உங்கப்பா கீத்துக்கும் கருவேப்பிலை ஆவாது, தெரியுமா?" என்றார். "எங்கப்பாவுக்குமா?" என்று அவள் கண்ணை விரித்தாள். பிறகு ஞானப்பிரகாசத்தைத் திரும்பிப் பார்த்து, "மில்லப்பா, உங்களுக்கு?" என்றாள். தனக்குக் கருவேப்பிலை ரொம்பப் பிடிக்கும் என்றான் அவன். மூடியில் ஒதுக்கி வைத்ததை எல்லாம் அவன்தான் தின்கிறானாம்.

கரண்ட் வர ஆறு மணி ஆகும் என்றார்கள். மல்லி டப்பாவை எடுத்துக்கொண்டு போக அவர் குனிந்தார், பிறகு எடுக்காமல் நிமிர்ந்தார். "கிராண்ட்பா, டப்பா?" என்றாள் நோரா. இங்கயே இருக்கட்டும், வரிசை போயிடும்ல, என்றார். ஞானப்பிரகாசம் உள்ளேபோய் ஒரு சின்ன மூட்டையோடு வந்தான், காலையில் அரைத்த சத்துமாவு, ராகியும் கம்பும் பொட்டுக்கடலையும் போட்டது, ராத்திரிக்குக் கஞ்சி காய்ச்சிக் குடிங்க மாமா என்று தோளில் ஏற்றிவிட்டான். போன வாரம் என்றால் வேண்டாம் என்றிருப்பார். வாங்கிக்கொண்டார். மூட்டையின் தையல் எங்கேயோ விட்டிருந்தது, தெருமுனை தாண்டுவதற்குள் சட்டை முழுக்க வெள்ளை. கூடவே கிளம்பிய நோரா ஒரு கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உதிர்கிற மாவைப் பிடித்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். சர்ச் பக்கம் சைக்கிளில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்றார்.

"ஏனுங்க தொரை, இதென்ன கோலம், மேலெல்லாம் மாவு?"

டெரன்ஸ் மூட்டையைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டார்.

"நாங்க மாவு ஃபிரேசருங்க," என்றார்.